மாணவனின் அரசியல் வாக்கியம்: வாடிவாசலை முன்வைத்து

1

தமிழில் மிக அதிகம் பேர் கையாளும் உரைநடை வடிவம் சிறுகதையல்ல, நாவலுமல்ல. அரசியல் ஈடுபாடு கொண்ட கல்லூரி மாணவன் நடப்பு விவகாரங்களைப் பற்றிச் சொல்லும் கருத்துதான் அது. கல்லூரி ஆண்டு மலர், பேச்சுப்போட்டி மேடை, உண்ணாவிரதப் பந்தல், துண்டுப் பிரசுரம், கையில் எழுதிப் பிடித்த அட்டை என்று அது வெளிப்படும் இடங்கள் வேறு வேறாக இருக்கலாம். வாக்கியம் ஒன்றுதான். ஆனால் இதை உரைநடையாகக் கருதி யாரும் பரிசீலித்ததாகத் தெரியவில்லை. ஒரு சாரார் இதை இளைஞர் எழுச்சி என்று மெச்சுகிறார்கள். மற்றொரு சாரார் பக்குவமின்மை என்று புறந்தள்ளுகிறார்கள். மெச்சுவதும் தள்ளுவதும் வயதைப் பார்த்து நடக்கிற காரியங்கள். வாக்கியத்தை இரு சாராருமே பார்ப்பதில்லை.

வாக்கியத்தைப் பார்த்தால் சில விஷயங்கள் துலக்கமாகத் தெரிகின்றன. முதலாவதாக, அது ஒரு ஆளை நோக்கிப் பேசுவதில்லை, கூட்டத்தை நோக்கியே பேசுகிறது. கேட்பவர் ஒரே ஒருவராக இருந்தாலும் அவர் கூட்டமாகவே பாவிக்கப்படுகிறார். இரண்டாவதாக, அதன் எழுவாய் எப்போதும் 'நாம்'. எதிரே நிற்பது 'அவர்கள்'. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு ஆளுக்கு அதில் இலக்கண ரீதியாகவே இடமில்லை. மூன்றாவதாக, சம்பவம் எங்கே, எந்தத் தெருவில், யார் வாசலில் நடந்தது என்ற விவரம் அதற்குத் தேவைப்படுவதில்லை. சம்பவம் நிகழ்வதற்கு முன்பே வாக்கியம் தயாராக இருக்கிறது. காலியாக விடப்பட்ட இடத்தில் பெயரைப் போட்டுக்கொண்டால் போதும்.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஆயத்தமாகக் கிடைக்கும் சொற்றொடர்கள் நமக்குப் பதிலாகத் தாமே சிந்தித்துக் கொடுத்துவிடுகின்றன என்று வாதித்தார். ஆங்கிலத்துக்கு அவர் அன்று சொன்னது தமிழுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். காரணம், நம்மிடம் ஆயத்தச் சொற்றொடருக்கு ஓசையும் உண்டு. எதுகையும் மோனையும் சேர்ந்து வரும்போது ஒரு கூற்று நிரூபணமாகிவிட்டதைப் போன்ற மயக்கம் ஏற்படுகிறது.

இந்த வடிவம் மாணவனின் சிருஷ்டியல்ல, அவனுக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே இங்கே குற்றம் சாட்டப்படுவது அவனல்ல. எது அவனுக்குக் கொடுக்கப்பட்டது, அதைக் கொண்டு அவனால் எதைப் பார்க்க முடியாமல் போகிறது என்பதுதான் கேள்வி.

2

இந்த வடிவம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது. 1965 ஜனவரி அதற்குச் சாட்சி. அரசியல் சட்டம் வகுத்த பதினைந்து ஆண்டுக் கெடு அந்த ஜனவரி 26ஆம் தேதி முடிவதாக இருந்தது. முந்தின நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் மூண்டது. அது மாநிலம் முழுவதும் பரவியது. துப்பாக்கிச் சூடுகளும் தீக்குளிப்புகளும் நிகழ்ந்தன. அன்றைய மாணவனின் பேச்சிலும் அலங்காரம் மலிந்துதான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் பிடிமானமான ஒரு விஷயம் இருந்தது. எந்த மொழியில் பரீட்சை எழுதுவது, எந்த மொழி தெரிந்தால் வேலை என்பது அவனுடைய சொந்த வாழ்வு சம்பந்தப்பட்ட பிரச்னை. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைப் பற்றிய சர்ச்சையே ஒரு வினைமுற்றைப் பற்றியதுதான். ஆங்கிலம் 'தொடரலாம்' என்பதா, 'தொடரும்' என்பதா? ஒரு தலைமுறை மாணவர்கள் ஒரு விகுதிக்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்பது மொழியைப் பற்றி அக்கறை கொண்டவர்கள் யாரும் அலட்சியமாகத் தாண்டிவிடக் கூடிய விஷயமல்ல. அன்று வாக்கியமும் வாழ்வும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 1967இல் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் காமராஜரையே தோற்கடித்தார். மேடைத் தமிழ் கோட்டைக்குள் நுழைந்தது. அன்று முதல் தமிழ்நாட்டு மாணவன் வேறெங்கும் இல்லாத ஒரு விசித்திரமான நிலைக்கு ஆளானான். 1968இல் பாரிஸ் மாணவனுக்கு எதிரே இருந்த அரசாங்கம் அவனைப் போலப் பேசவில்லை. நக்சல்பாரிக்குப் பிந்திய கல்கத்தாவிலும் அப்படித்தான். இங்கேயோ அரசாங்கமே மாணவனைப் போலப் பேசியது. அதே விளிகள், அதே அடுக்கு மொழி, அதே 'நாம்'. ஆட்சியை எதிர்க்க விரும்பும் மாணவன் ஆட்சியின் வாக்கியத்தையே கடன் வாங்கி எதிர்க்க வேண்டியதாயிற்று. குரலை இன்னும் சற்று உயர்த்துவது ஒன்றுதான் அவனுக்கு மிஞ்சிய வித்தியாசம்.

திண்டுக்கல் இதற்கு ஒரு அடிக்குறிப்பை எழுதியது. 1973 மே 20ஆம் தேதி இங்கே நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில், எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதமே ஆன நிலையில், அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. அதற்கு ஒன்பது நாள் முன்புதான் 'உலகம் சுற்றும் வாலிபன்' திரைக்கு வந்திருந்தது. பேச்சால் பிடிக்கப்பட்ட இடத்தைப் பிம்பம் பிடித்துக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். ஆனால் மாணவனின் வாக்கியம் அந்த மே மாதத்தைக் கவனிக்கவேயில்லை. தான் தோற்றுவிட்டது தெரியாமல் அது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

3

2017 ஜனவரிக்கு வருவோம். ஜல்லிக்கட்டுக்கு 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விதித்த தடையை எதிர்த்து அலங்காநல்லூரில் எழுந்த போராட்டம் மறுநாளே சென்னைக் கடற்கரைக்குப் பரவியது. மதுரை தமுக்கத்திலும் திண்டுக்கல்லிலும் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அன்றே கடற்கரையில் இருந்தவர்கள் போலீஸ் பலத்தால் கலைக்கப்பட்டார்கள்.

இதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. தலைவன் என்று ஒருவன் இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். அரசியல்வாதிகளுக்கு மேடை மறுத்தார்கள். மாணவிகள் இரவு முழுவதும் பயமின்றி வெட்டவெளியில் இருந்தார்கள். அரை நூற்றாண்டாகத் தமிழ்நாட்டில் கட்சிகள் சாதிக்காத சில ஒழுங்குகளை இவர்கள் ஆறேழு நாளில் சாதித்தார்கள். செயல் புதிதாக இருந்தது. துரதிர்ஷ்டம், வாக்கியம் பழையதாகவே இருந்தது.

அந்த வாக்கியத்தில் தமிழன் இருந்தான், பண்பாடு இருந்தது, பீட்டா இருந்தது, நாட்டு மாடு இருந்தது. எது இல்லை என்பதைப் பார்க்கத் திண்டுக்கல் சமவெளியில் நின்றால் போதும். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை நூறாண்டுக்கு மேற்பட்ட கணக்கில் மிக மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி அரசாங்கம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அலங்காநல்லூரில் போராட்டம் தொடங்குவதற்கு ஒரு வாரம்கூட இல்லை. வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் மானாவாரிக் காடுகளை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு வறட்சி என்றால் முதலில் தீவனம் தீர்ந்துபோவது என்று அர்த்தம். அடுத்தது, தொழுவத்தில் இருப்பதைச் சந்தைக்கு ஓட்டுவது. மாட்டைக் காப்பாற்றுவோம் என்று நகரத்தில் கோஷம் எழுந்த அதே வாரத்தில் கிராமத்தில் மாடு விலை போய்க்கொண்டிருந்தது. விவசாயியின் பெயரும் அட்டைகளில் எழுதப்பட்டிருந்தது உண்மைதான். எழுதப்பட்டது பெயர். அவனுடைய வைக்கோல் போரின் அளவு அல்ல.

இன்னொன்று. இந்தச் சமவெளியில் புகையிலைப்பட்டி, கொசவபட்டி போன்ற ஊர்களில் ஜல்லிக்கட்டு தேவாலயத் திருவிழாவையொட்டி நடக்கிறது. ஜல்லிக்கட்டு கலாச்சாரம் என்பதற்கு இதைவிடச் செறிவான உதாரணம் கிடைப்பது சிரமம். ஒரு சடங்கு மதம் மாறி, புனிதரின் கொடியேற்றத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருக்கிறது. இதைப் பற்றி யோசிக்கும் மாணவன் பண்பாடு என்ற ஒற்றைச் சொல்லைப் பழையபடி உபயோகிக்க முடியாது. அது தூயது, ஆதியிலிருந்து மாறாதது என்ற நினைப்பு கலைந்துவிடும். கோயில் காளைக்கு முதல் மரியாதை யாருடையது, வாடிவாசலுக்குள் யார் இறங்கலாம், யார் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற சாதிக் கேள்விகளும் கூடவே வந்துவிடும். 'நாம்' என்ற எழுவாய் இந்தக் கேள்விகளுக்குத் தாங்காது.

நாட்டு மாடு விஷயமும் அப்படியே. ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன புளிக்குளம் மாடு தொழுவத்தில் ஒன்றிரண்டாக வளர்வது மட்டுமல்ல. அது கிடை மாடு. மந்தையாக மேய்ந்து, அறுவடையான வயலில் கிடை போட்டு எருவாகப் பயன்பட்டு வந்தது. அந்த இனம் இருப்பதும் போவதும் ஒரு நாள் விளையாட்டை மட்டும் பொறுத்ததல்ல. மேய்ச்சல் நிலத்தையும், கிடைக்காரனுக்குக் கிடைக்கும் கூலியையும் பொறுத்தது. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு அதைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற எல்லைக்குள் சுருக்கியது. நாட்டு மாட்டைப் பற்றி 2017இல் பேசப்பட்டதெல்லாம் மெய்யான அக்கறையாக இருந்திருந்தால், அது சோதிக்கப்பட்ட நாள் இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் கூடிய கூட்டத்தைப் போல் எதுவும் அன்று கூடவில்லை. மேய்ச்சல் என்ற சொல் அந்த வாக்கியத்தில் முதலிலிருந்தே இல்லை. இல்லாத சொல்லுக்கு யாரும் தெருவுக்கு வருவதில்லை.

4

இதே சமவெளியின் மேற்கு ஓரத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தில், வத்தலக்குண்டு இருக்கிறது. ராஜமய்யரும் பி. எஸ். ராமையாவும் சி. சு. செல்லப்பாவும் அந்த ஊர்க்காரர்கள். செல்லப்பா மதுரையில் கல்லூரியில் படித்தவர், காந்தி யுகத்தின் அரசியல் மாணவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய 'வாடிவாசல்' 1959இல், 'எழுத்து' பத்திரிகை தொடங்கிய அதே வருஷத்தில், புத்தகமாக வந்தது.

2017இல் அந்தக் குறுநாவலின் பெயர் பலராலும் நினைவுகூரப்பட்டது. ஜல்லிக்கட்டின் தொன்மைக்கு ஒரு சான்றாக அது உபயோகமாயிற்று. படித்துவிட்டு உபயோகித்திருந்தால் தயங்கியிருப்பார்கள். ஒரே ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடும் அந்தக் கதையில் ஜல்லிக்கட்டு தமிழனின் பெருமை என்று யாரும் சொல்வதில்லை. பிச்சி வந்திருப்பது தன் அப்பன் அம்புலியைக் குத்திய காரியைப் பிடிப்பதற்கு. கூட வரும் மருதனும், பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கும் கிழவனும் காளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். எது எப்படி வரும், எது நின்று குத்தும், எது பாய்ந்து போகும் என்ற பேச்சு. மதுரைப் பக்கத்துக் கொச்சையில், வேலை தெரிந்தவர்கள் வேலையைப் பற்றிப் பேசும் பேச்சு. எதிரே ஜமீன்தார் உட்கார்ந்திருக்கிறார். காரி அவருடைய அந்தஸ்து. பிச்சி அதைப் பிடித்துவிடுகிறான். தோற்றுப் போன காளை வெறிகொண்டு ஓடுகிறது. ஜமீன்தார் அதைத் தன் கையாலேயே சுட்டுக் கொல்கிறார்.

இந்த முடிவை 2017இன் எந்தத் தரப்பும் ஜீரணிக்க முடியாது. மிருக வதை என்கிற தரப்புக்கு இந்த ஆட்டத்தில் மனிதன் காளைக்குக் காட்டும் மரியாதையைப் புரிந்துகொள்ளச் சொற்கள் இல்லை. நாட்டு மாட்டைக் காக்கிறோம் என்ற தரப்புக்கோ, காளையின் உயிர் அதன் உடைமையாளனின் கௌரவம் நிற்கும் வரைதான் என்ற உண்மை ஒவ்வாது. இரண்டு தரப்பும் காளையைப் பற்றிப் பேசின. செல்லப்பா காளைக்கும் மனிதனுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி எழுதினார். பழியும் பயமும் சொத்தும் அங்கேதான் இருக்கின்றன.

செல்லப்பா அரசியல் பேசவில்லை என்பதல்ல இதன் பொருள். அதிகாரம் பண்பாட்டின் வேஷத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை இத்தனை துல்லியமாகக் காட்டிய அரசியல் கட்டுரை தமிழில் எது? அவர் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வாடிவாசலுக்குப் போகவில்லை. பார்த்தார். பார்த்ததில் அரசியல் இருந்தது. மாணவன் அரசியலோடு போகிறான், ஆகவே எதையும் பார்க்காமல் திரும்புகிறான். கலைஞனுக்கும் பிரச்சாரகனுக்கும் உள்ள பழைய வித்தியாசம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. நான் சொல்வது அரசியலுக்கே நேரும் நஷ்டத்தை.

5

ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. சம்பவம் காத்திருக்காது. நாளைக் காலை உண்ணாவிரதம் என்றால் இன்றிரவு துண்டுப் பிரசுரம் அச்சுக்குப் போக வேண்டும். குறுநாவல் எழுத யாருக்கு அவகாசம்? செல்லப்பாவே இதற்கு உதாரணம். 1927 முதல் 1934 வரையிலான போராட்ட காலத்தை, படித்த இளைஞன் ஒருவனின் அரசியல் விழிப்பை, அவர் 'சுதந்திர தாகம்' என்று எழுதி வெளியிட்டது 1997இல். மூன்று பாகங்கள். மறு வருஷம் அவர் காலமானார். சாகித்ய அக்காதெமி பரிசு 2001இல் வந்தது. தன் காலத்தைப் பற்றிய அபிப்பிராயத்தைச் சொல்லி முடிக்க ஒரு மாணவருக்கு அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. அந்த நாவலின் நீளமும் சலிப்பும் எனக்குத் தெரியும். அன்றாட விவரம் எதையும் விட மனமில்லாத நாவல் அது. ஆனால் அறுபது வருஷம் கழித்து வரும் நிதானம் போராட்டப் பந்தலில் இருப்பவனுக்கு எதற்கு உதவும்?

ஆகவே மாணவனிடம் இலக்கியம் கேட்பது அநியாயம். அவனிடம் கேட்க வேண்டியது வேறு, மிக எளிய ஒன்று. அவன் சொல்லும் வாக்கியத்தைச் சம்பந்தப்பட்ட இடத்தில் இருக்கும் ஒரு ஆள் மறுக்க முடிய வேண்டும். 'தமிழன் வீழ்வதில்லை' என்பதை யாரும் மறுக்க முடியாது. அது உண்மை என்பதால் அல்ல, அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால். 'இந்த ஊரில் பங்குனிக்குள் தீவனம் தீர்ந்துவிடும்' என்ற வாக்கியத்தை ஒரு விவசாயி மறுக்கலாம், திருத்தலாம், மாசியிலேயே தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். அந்தக் கணத்தில் மாணவனுக்கு ஒரு எதிராளி கிடைக்கிறான். கூட்டத்துக்குப் பதில் ஒரு மனிதன் கிடைக்கிறான். அரசியல் அங்கே தொடங்குகிறது.

திண்டுக்கல்லுக்கு இது புதிதல்ல. தோல் ஷாப்புத் தொழிலாளர்களிடையே 1940களிலேயே கம்யூனிஸ்டுகள் சங்கம் கட்டிய ஊர் இது. 1977லும் 1980லும் மார்க்சிஸ்ட் என். வரதராஜனையும், 2001 முதல் தொடர்ந்து மூன்று முறை கவிஞரான க. பாலபாரதியையும் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர். சங்க அரசியலின் உரைநடை மேடைப் பேச்சல்ல, கோரிக்கை மனு. மனுவுக்கு முகவரி உண்டு, தேதி உண்டு. இத்தனை மணி நேர வேலை, இத்தனை ரூபாய் கூலி என்று எண்கள் உண்டு. எதிர்த்தரப்பு அதைப் படித்து, இந்த எண் தவறு என்று சொல்ல இடம் உண்டு. தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கோரிக்கை மனுவைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் நல்லது. அழகில்லாத அந்த நடையில், அடுக்கு மொழி இழந்துவிட்ட ஒரு நாணயம் இருக்கிறது.

ஆனால் மனு மட்டும் போதாது என்பதையும் அதே தோல் ஷாப்புகள்தான் காட்டுகின்றன. கழிவுநீர் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்ப்பேறின. நிலம் கெட்டது. இங்கே சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச வரும் மாணவன் முதலாளி, விவசாயி என்று இரண்டு பேரை நிறுத்தி வாக்கியத்தை முடித்துவிடலாம். ஷாப்புக்குள் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்துகொண்டு நிற்கும் தொழிலாளி அப்போது எங்கே போவான்? ஷாப்பு மூடினால் அவனுக்கு அடுப்பெரியாது. மூடாவிட்டால் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவன் 'நாம்' என்பதிலும் சேரமாட்டான், 'அவர்கள்' என்பதிலும் சேரமாட்டான். தோல் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டி, அதன் லாபத்தை வேறு கைகளுக்குக் கொண்டு சேர்த்த சரித்திரம் முழுவதும் அந்தத் தொட்டியில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு இடம் வைக்க வேண்டுமானால் வாக்கியத்தை உடைத்துக் கட்ட வேண்டும். 'ஆனாலும்' என்ற சொல் வேண்டும், 'ஒருபுறம்' என்ற சொல் வேண்டும். மேடையில் கைதட்டல் வாங்கித் தராத சொற்கள் இவை.

கைதட்டல் இல்லாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு போராட்டம் நடத்த முடியுமா என்று கேட்கலாம். முடியாமல் போகலாம். 2017இல் கைதட்டலும் இருந்தது, வெற்றியும் இருந்தது. 2023 மே 18ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தைச் செல்லும் என்று உறுதிப்படுத்தியதோடு அந்த வெற்றி பூர்த்தியாயிற்று. வாடிவாசல்கள் திறந்திருக்கின்றன. கிடைக்காரனின் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி, வறண்ட தொழுவத்தைப் பற்றி, வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றி அந்த வெற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு இடமில்லாத ஒரு வாக்கியத்தால் பெறப்பட்ட வெற்றி அவர்களுக்கு வேறென்ன கொண்டுவந்திருக்க முடியும்?